யோருபாவில் இடங்களும் கட்டடங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேகோஸுக்கோ இபாடானுக்கோ வேலைக்குப் போகிறவர்களும், ஆர்வத்தில் யோருபா படிக்கத் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வீடு, சந்தை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, பாலம், பஸ் நிறுத்தம் என ஊருக்குள் நடமாடத் தேவையான சொற்களைப் பற்றித்தான் பேசப் போகிறோம். இலக்கணம் எதுவும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாம்.

யோருபா எங்கே பேசுகிறார்கள்?

நைஜீரியாவின் தென்மேற்கில். லேகோஸ், ஓகுன், ஓயோ, ஓஷுன், ஓண்டோ, எகிட்டி மாநிலங்களிலும் குவாரா மாநிலத்தின் பெரும்பகுதியிலும் இதுதான் பெரும்பாலோரின் தாய்மொழி. எல்லை தாண்டி பெனின் நாட்டில் கேத்து, ஸாபே ஊர்ப் பக்கங்களிலும் பேசுகிறார்கள். மொத்தம் 4 கோடிக்கு மேல் இருப்பார்கள்.

ஆங்கிலம் எல்லோருக்கும் தெரியுமே, எதற்குக் கற்க வேண்டும்?

அலுவலகத்துக்குள் ஆங்கிலம் போதும். சந்தையில், மஞ்சள் நிற மினி பஸ்ஸில், வாடகை வீட்டு வாசலில் பேச்சு யோருபாவுக்கோ பிட்ஜின் ஆங்கிலத்துக்கோ மாறிவிடும். வெளியூர்க்காரர் ஒருவர் இடம் கேட்கும்போது ஒரு வாக்கியத்தை யோருபாவில் சொன்னால், அதைக் கேட்கிறவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். கையோடு கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அதுவே போதுமான காரணம்.

தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கும் சொற்களை எப்படி வாசிப்பது?

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பின்னால் வரும் எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது.

யோருபாவில் 'எ' இரண்டு வகை, 'ஒ' இரண்டு வகை. ஒன்று வாயை ஒடுக்கிச் சொல்வது, மற்றது வாயை நன்றாகத் திறந்து சொல்வது. அவர்கள் எழுத்தில் திறந்த ஒலிக்குக் கீழே ஒரு புள்ளி இருக்கும். இங்கே ஒடுங்கிய ஒலியை ஏ, ஓ என்றும், திறந்த ஒலியை எ, ஒ என்றும் எழுதியிருக்கிறேன். நம் நெடில் குறில் போல நீட்டிக் குறுக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வித்தியாசம் வாய் திறப்பில் இருக்கிறது.

அப்புறம் 'க்ப'. உதட்டையும் தொண்டைப் பக்கத்தையும் ஒரே நேரத்தில் மூடிச் சட்டென்று திறந்தால் வரும் ஒலி. இதில் மென்மையானது ஒன்று, வன்மையானது ஒன்று. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும். தனியாக 'ப' என்று எழுதியிருந்தால் அது 'பஸ்' என்பதில் வரும் ப. ஒற்று இரட்டித்திருந்தால் (ஏக்கோ, இத்துரா) அது வல்லொலியைக் காட்டத்தான், அழுத்தம் வேண்டாம். சொல்லின் கடைசியில் 'ன்' வந்தால் மூக்கால் சொல்லி முடியுங்கள், நாக்கு மேலே ஒட்டக் கூடாது.

இதையெல்லாம் எழுத்தில் படித்து முழுதாகப் பிடிக்க முடியாது. யோருபா வானொலிச் செய்தியைத் தினமும் கொஞ்ச நேரம் கேளுங்கள்.

முதலில் எந்தச் சொல்லைக் கற்க வேண்டும்?

'இலே'. வீடு என்று பொருள். சரி, வீடு மட்டும்தானா என்றால், இல்லை. கட்டடம், நிறுவனம், குடும்பம், சொந்த ஊர் எல்லாம் இதற்குள் அடங்கும். யோருபாவில் கட்டடப் பெயர்களில் பெரும்பாலானவை இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகின்றன. பட்டியலை வரி வரியாக மனப்பாடம் செய்வதைவிட, 'இலே'யையும் அதன் பின்னால் ஒட்டும் வினைகளையும் பிடித்துக்கொள்வதே நல்ல வழி என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கட்டடத்தில் மனிதர்கள் என்ன செய்கிறார்களோ, அதுவே பெயராகிவிடுகிறது.

அப்படியானால் 'இலே'யில் தொடங்கும் சொற்கள் எவை?

'இவே' என்றால் புத்தகம், காகிதம், கடிதம். 'இலே இவே' என்றால் பள்ளிக்கூடம். வேகமாகப் பேசும்போது இரண்டும் ஒட்டி 'இலேஏவே' என்று நீளும். புத்தகத்தைப் படித்தால் 'இலே இக்கவே', நூலகம்; விற்றால் 'இலே இத்தவே', புத்தகக் கடை. நடுவில் ஒரே ஒரு மெய் மாறுகிறது, கட்டடமே மாறிவிடுகிறது. கடிதத்தை அனுப்பினால் 'இலே இஃபிவேரன்ஷெ', தபால் நிலையம்.

மருத்துவமனை 'இலே இவோஸான்'. 'வோ' என்றால் பார்ப்பது, கவனிப்பது; 'ஸான்' என்றால் உடல் தேறுவது. கவனித்துத் தேற்றும் வீடு. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. நோயைப் பற்றி ஒரு வார்த்தைகூட அதில் இல்லை, குணமாவது மட்டும்தான் இருக்கிறது. தங்கும் விடுதிக்கு 'இலே இத்துரா'. உடம்பை இளக்கி ஆறவைக்கும் இடம் என்பது பொருள்.

வங்கி 'இலே இஃபோவோக்பமொ'. நீளத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பிரித்தால் எளிது: 'ஓவோ' பணம், 'க்பமொ' பத்திரப்படுத்துவது. வழக்கு என்பது 'எஜொ', அதனால் நீதிமன்றம் 'இலே எஜொ'. வேலை என்பது 'இஷெ', அதனால் தொழிற்சாலையோ நிறுவனமோ 'இலே இஷெ'. சட்டம் 'ஓஃபின்', சட்டம் செய்கிறவர் 'அஷோஃபின்', அவர்கள் கூடும் சட்டமன்றம் 'இலே இக்பிமொ அஷோஃபின்'. எண்ணெய் 'ஏக்போ', பெட்ரோல் பங்க் 'இலே ஏக்போ'. சாப்பாடு 'ஓஉன்ஜெ', உணவகம் 'இலே ஓஉன்ஜெ'. ஆனால் தெருவோரச் சாப்பாட்டுக் கடையை எல்லோரும் 'புகா' என்றுதான் சொல்வார்கள்.

இபாடானில் 26 மாடி கொண்ட கோகோ ஹவுஸ் 1965-ல் திறக்கப்பட்டது. மேற்கு நைஜீரிய விவசாயிகள் விளைவித்த கோகோவின் வருமானத்தில் எழுந்த கட்டடம். அதை முதலில் 'இலே அவொன் அக்பெ' என்று அழைத்தார்கள். 'அக்பெ' விவசாயி, 'அவொன்' பன்மை காட்டும் சொல், விவசாயிகளின் வீடு. அந்தப் பெயர் புழக்கத்தில் நிலைத்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் ஆசை உண்டு.

நம்முடைய 'இல்', 'இல்லம்' இதோடு தொடர்புள்ளதா?

இல்லை. யோருபா நைஜர்-காங்கோ மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, தமிழ் திராவிடக் குடும்பம். இரண்டு மொழிகளிலும் குறுகிய சொற்கள் ஏராளம், அவற்றில் சில தற்செயலாக ஒத்துப்போகும். நினைவில் வைத்துக்கொள்ள உதவுகிறது என்றால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அதிலிருந்து வரலாறு எழுதத் தொடங்காதீர்கள்.

எல்லாக் கட்டடமும் 'இலே'தானா?

அரண்மனை 'ஆஃபின்'. அரசர் 'ஒபா'. சந்தை 'ஒஜா'. வேலி போட்டு அடைத்த இடம் 'ஒக்பா'; அதனால் சிறைச்சாலை 'ஒக்பா எவொன்' (எவொன் என்றால் சங்கிலி), மிருகக்காட்சிசாலை 'ஒக்பா எரன்க்கோ'. காவல் நிலையம் 'அகொ ஒலொக்பா': 'அகொ' கூடாரம் அல்லது முகாம், 'ஒலொக்பா' கோல் வைத்திருப்பவர். சர்ச் 'ஷொஒஷி', மசூதி 'மொஷலஷி'. ஒரே குடும்பத்தில் அண்ணன் சர்ச்சுக்கும் தம்பி மசூதிக்கும் போவது யோருபாக்களிடம் சாதாரணம் என்பதால், இந்த இரண்டு சொற்களையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள்.

தொனி என்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?

ஆமாம். யோருபாவில் மேல், நடு, கீழ் என மூன்று தொனிகள். எழுத்து ஒன்றாக இருந்தாலும் தொனி மாறினால் வேறு சொல். இடச் சொற்களிலேயே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

'ஒக்கொ' என்பதை இரண்டு அசையும் நடுத் தொனியில் சொன்னால் கணவன். இரண்டாவது அசையைக் கீழே இறக்கினால் வண்டி. மேலே ஏற்றினால் மண்வெட்டி. இரண்டையும் கீழே சொன்னால் ஈட்டி. வாயை ஒடுக்கி 'ஓக்கோ' என்று நடுத் தொனியில் சொன்னால் தோட்டம், வயல்.

'இலே' நடுவில் தொடங்கி மேலே ஏறும், வீடு. 'இலெ' நடுவில் தொடங்கிக் கீழே இறங்கும், தரை, நிலம். இந்த ஒரு ஜோடியிலிருந்து எத்தனையோ சொற்கள் கிளைக்கின்றன. குடும்பத் தலைவர் 'பாலே', வீட்டின் தந்தை. கிராமத் தலைவர் 'பாலெ', நிலத்தின் தந்தை. இரண்டு பதவிகள், இரண்டு அதிகாரங்கள். வித்தியாசம் கடைசி உயிரில்தான்.

இன்னொரு ஜோடி: 'இலே இவே' பள்ளிக்கூடம், 'இலே இவெ' குளியலறை. 'இவெ' என்றால் குளியல். முதலாவதில் வாய் ஒடுங்கித் தொனி ஏறுகிறது, இரண்டாவதில் வாய் திறந்து தொனி இறங்குகிறது. பிள்ளை எங்கே என்று கேட்டால் பதில் தெளிவாக இருக்க வேண்டும் அல்லவா, இதைத் தனியாகப் பயிற்சி செய்யுங்கள்.

பலகைகளில் இந்தக் குறிகள் இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. ஊர்ப் பெயர்களைப் புள்ளியும் தொனிக் குறியும் இல்லாமல்தான் எழுதுகிறார்கள். பள்ளிப் புத்தகத்திலும் அகராதியிலும் பைபிளிலும் பார்க்கலாம். சாமுவேல் அஜயி குரௌதர் 1843-ல் யோருபாச் சொல் தொகுதியை வெளியிட்டார்; 1875-ல் லேகோஸில் நடந்த மாநாட்டில் புள்ளி, தொனிக் குறி பற்றி முடிவெடுத்தார்கள். அடிமை வணிகத்தில் பிடிபட்டு மீட்கப்பட்ட சிறுவன் அவர், பின்னால் 1864-ல் ஆங்கிலிக்கன் பிஷப் ஆனார். மொழியின் எழுத்து வடிவத்துக்காக அவர் உழைத்த உழைப்பை யோருபா படிக்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்குள் என்ன சொற்கள்?

அறை 'யரா'. சமையலறை 'இலே இடனா', நெருப்பு மூட்டும் இடம். கழிப்பறை 'இலே இக்பொன்ஸெ'. சுவர் 'ஓகிரி', கூரை 'ஓருலே', கதவு 'இலெக்குன்', ஜன்னல் 'ஃபேரேஸே'. வரவேற்பறையை 'க்பலொ' என்பார்கள்; ஆங்கிலப் பார்லர்தான். நீண்ட நடை அல்லது தாழ்வாரம் 'ஒடெடெ'.

'அக்போ இலே' என்பது என்ன?

ஒரே வம்சத்தைச் சேர்ந்த குடும்பங்கள் முற்றங்களைச் சுற்றிச் சேர்ந்து வாழும் பெரிய வளாகம். பேச்சில் 'அக்போலே'. பழைய யோருபா நகரம் என்பது அரண்மனை, அதன் எதிரே சந்தை, சுற்றிலும் இப்படிப்பட்ட வளாகங்கள் என்றுதான் அமைந்திருந்தது. இவர்கள் ஐரோப்பியர் வருமுன்பே பெரிய நகரங்களில் வாழ்ந்தவர்கள். வயல் வெளியே தூரத்தில் இருக்கும், வீடு நகரத்துக்குள் இருக்கும். 'இலே லபொ ஸின்மி ஓக்கோ' என்ற பழமொழி அங்கிருந்து வருகிறது: வயலில் உழைத்தவன் திரும்பி வந்து இளைப்பாறும் இடம் வீடு.

இன்னொன்று, 'இலே லா ன் வோ கி ஆ தோ ஸொமொ லோருக்கொ'. பிள்ளைக்குப் பெயர் வைக்குமுன் வீட்டைப் பார்க்கிறோம். குடும்பத்தின் வரலாறு, தொழில், வழிபாடு, அப்போதைய நிலை எல்லாம் பெயரில் வரும். இங்கே 'இலே' என்பதைக் கட்டடம் என்று புரிந்துகொண்டால் பழமொழியே கைநழுவிவிடும்.

சந்தை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

'ஒஜா' தெரியாமல் யோருபா ஊரே தெரியாது. அரண்மனைக்கு எதிரே கூடுவது 'ஒஜா ஒபா', அரசர் சந்தை. இபாடானிலும் அகுரேயிலும் இந்தப் பெயரில் சந்தைகள் இன்றும் உண்டு. இரவுச் சந்தை 'ஒஜா அலெ'. பழைய யோருபா வாரத்துக்கு நாலு நாள். சந்தை நாளையும் அடுத்த சந்தை நாளையும் சேர்த்து எண்ணுவதால் அதை ஐந்தாம் நாள் சந்தை என்பார்கள். கிராமப்புறங்களில் இந்தச் சுழற்சியைப் பின்பற்றும் சந்தைகள் உள்ளன; ஏழு நாள் காலண்டரை வைத்துப் போனால் வெறும் மைதானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

சந்தைப் பெண்களின் தலைவி 'இயாலொஜா', சந்தையின் தாய். 'இயா' அம்மா. விலைத் தகராறு முதல் கடை ஒதுக்கீடு வரை அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு, அரசியல்வாதிகளும் வந்து பார்ப்பார்கள். லேகோஸில் துணிக்குப் பலோகுன் சந்தை, இபாடானில் துணிக்கு க்பகி, உணவுப் பொருளுக்குப் போடிஜா.

'அயே லொஜா, ஒருன் நிலே' என்றும் ஒரு பழமொழி உண்டு. உலகம் சந்தை, வானுலகம் வீடு.

'மேலே, உள்ளே, பின்னால்' என்பதை எப்படிச் சொல்வது?

உடம்பை வைத்து. யோருபா கற்பதில் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்த பகுதி இது. தலை 'ஓரி', அதனால் மேல் 'லோரி'. வயிறு 'இனு', அதனால் உள்ளே 'நினு'. முதுகு 'எயின்', அதனால் பின்னால் 'லெயின்'. அடிப்பகுதி 'இடி', அதனால் மரத்தடி, மலையடி போன்ற இடங்களுக்கு அந்தச் சொல். காது 'ஏத்தி', அதனால் ஆற்றங்கரை 'ஏத்தி ஓடோ', ஆற்றின் காது. வாய் 'எனு', வழி 'ஒனா', இரண்டும் சேர்ந்து 'எனு ஒனா' என்றால் வாசல். நம் 'வாயில்' என்பதும் இல்லத்தின் வாய்தான். தமிழருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஊர்ப் பெயர்களுக்குப் பொருள் உண்டா?

பலவற்றுக்கு உண்டு, மேலே சொன்ன சொற்களை வைத்தே அவிழ்க்கலாம். 'அபெ' கீழே, 'ஓக்குத்தா' கல். அபெஓக்குத்தா என்றால் பாறையின் அடி. 1830 வாக்கில் போருக்குத் தப்பி வந்த எக்பா மக்கள் ஓலுமோ பாறையின் அடியில் ஒதுங்கி உருவாக்கிய ஊர். இபாடான் 'எபா ஒடான்' என்பதிலிருந்து வந்தது, புல்வெளியின் விளிம்பு. 'ஏபுத்தே' துறைமுகம், 'மெத்தா' மூன்று. லேகோஸில் உள்ள ஏபுத்தே மெத்தா மூன்று துறை. 'ஓரித்தா' சந்திப்பு, 'மெஃபா' ஆறு. இபாடானில் பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கும் ஓரித்தாமெஃபா ஆறு சாலைச் சந்திப்பு. பெனின் எல்லையில் உள்ள இடி இரோக்கோ, இரோக்கோ மரத்தடி. லேகோஸின் இடி அரபா, இலவம் மரத்தடி.

லேகோஸ் என்பது போர்ச்சுகீசியர் வைத்த பெயர். யோருபாவில் அது 'ஏக்கோ'. அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், உள்ளூர்க்காரர்கள் மகிழ்வார்கள்.

சாலை, பஸ், ரயில்?

நடக்கும் பாதை, வழி எல்லாம் 'ஒனா'. தார்ச் சாலை 'தித்தி'. அகலமான வீதி 'ஓக்போக்போனா'. அக்கம்பக்கம், பேட்டை 'அடுக்போ'. பாலம் 'அஃபரா'. லேகோஸ் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தேர்ட் மெயின்லாண்ட் பாலம் சுமார் 11.8 கிலோமீட்டர், 1990-ல் முழுதாகத் திறந்தது. அதில் நெரிசலில் மாட்டினால் 'அஃபரா' என்ற சொல் ஒருநாளும் மறக்காது.

பஸ் நிறுத்தம் 'இபுடோக்கொ'. 'இபுடோ' தங்குமிடம், 'ஒக்கொ' வண்டி. பஸ்கள் நிறைந்து கிளம்பும் நிலையத்தை 'கரேஜி' என்பார்கள். தண்டவாளம் 'ஓஜு இரின்', ரயில் 'ஒக்கொ ஓஜு இரின்'. 2021-ல் ஓடத் தொடங்கிய லேகோஸ்-இபாடான் புதிய ரயில் ஏபுத்தே மெத்தாவிலிருந்துதான் கிளம்புகிறது. விமான நிலையம் 'க்பக்பாக்கொ ஓஃபுருஃபு', வானத்து வண்டியின் மைதானம்.

மஞ்சள் மினி பஸ்ஸுக்கு 'டான்ஃபோ' என்று பெயர். இறங்க வேண்டும் என்றால் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி 'ஓ வா ஓ!' என்று உரக்கச் சொல்லுங்கள். இறங்க ஆள் இருக்கிறது என்று பொருள். ஆட்டோவுக்கு 'கெக்கெ மருவா'. 1996 முதல் 1999 வரை லேகோஸின் ராணுவ ஆளுநராக இருந்த புபா மர்வாவின் பெயர். இந்தியாவில் செய்த பஜாஜ், டிவிஎஸ் வண்டிகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

வழி கேட்பது எப்படி?

முதலில் வணக்கம். வணக்கம் சொல்லாமல் நேராகக் கேள்வியில் இறங்குவது அங்கே மரியாதைக் குறைவு. காலையில் 'எ காரொ', மதியம் 'எ காஸான்', மாலையில் 'எ கு இரொலெ'. இதில் முன்னால் வரும் 'எ' நம் 'நீங்கள்'. வயதில் மூத்தவரிடமும் தெரியாதவரிடமும் எப்போதும் இதைத்தான் பயன்படுத்த வேண்டும். 'ஓ' என்பது 'நீ'. 'நீபோ லெ ன் லொ?' எங்கே போகிறீர்கள்? 'நீபோ லோ ன் லொ?' எங்கே போகிறாய்? நீங்கள், நீ என்று பிரித்துப் பழகிய நமக்கு இது சுலபம்.

அப்புறம் கேள்வி: 'எ ஜொ, நீபோ நி இலே இவோஸான் வா?' தயவுசெய்து, மருத்துவமனை எங்கே இருக்கிறது? இடத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் எல்லாவற்றையும் கேட்டுவிடலாம். 'நீபோ' எங்கே, 'வா' இருப்பது. பதிலில் வரக்கூடியவை: 'ஒத்துன்' வலது, 'ஓஸி' இடது, 'நிவஜு' முன்னால், 'ஓ ஜின்னா' தூரம், 'கோ ஜின்னா' தூரமில்லை. உதவியவருக்கு 'எ ஷே', நன்றி.

வாக்கியத்தில் சொல்லே காணாமல் போகிறதே?

போகவில்லை, ஒட்டிக்கொள்கிறது. 'ஸி' என்றால் நோக்கி. 'மோ ன் லொ ஸி ஒஜா' (நான் சந்தைக்குப் போகிறேன்) என்பது பேச்சில் 'மோ ன் லொ ஸொஜா' ஆகும். 'நி' என்றால் இல், இடத்தில். அது 'இ'யின் முன் அப்படியே நிற்கும்: 'நிலே', வீட்டில். வேறு உயிரின் முன் 'ல' ஆகிவிடும்: 'லொஜா', சந்தையில். புணர்ச்சி தெரிந்த தமிழருக்கு இரண்டு நாளில் காது பழகும். பழக வேண்டிய இன்னொன்று வரிசை: உடைமை முன்னால், உடையவர் பின்னால். 'இலே பபா மி' என்றால் வீடு-அப்பா-என், அதாவது என் அப்பாவின் வீடு. தமிழுக்கு நேர் எதிர்.

கடன் சொற்களைப் பயன்படுத்தலாமா, தூய சொல்லையா?

இரண்டும் தெரிந்திருக்கட்டும், எதிரே இருப்பவர் சொல்வதைப் பின்பற்றுங்கள். மருத்துவமனைக்கு ஆங்கிலச் சொல்லையே சொல்கிறவர்கள் நகரத்தில் அதிகம். செய்தியிலும் பள்ளியிலும் 'இலே இவோஸான்' வரும். கடன் சொல்லைக் குறையாக நினைக்க வேண்டாம்; அவை வரலாற்றைச் சொல்கின்றன. 'மொஷலஷி' ஹவுஸா மொழி வழியாக வந்த அரபுச் சொல், இஸ்லாம் வடக்கிலிருந்து வந்த பாதையைக் காட்டுகிறது. 'ஃபேரேஸே' போர்ச்சுகீசியச் சொல். மாடி வீடு 'இலே க்பெத்தெஸி'; ஆங்கில அப்ஸ்டேர்ஸ் அப்படி மாறியிருக்கிறது. நைஜீரியாவின் முதல் மாடி வீடு என்று சொல்லப்படுவது பதக்ரியில் மிஷனரிகள் 1845-ல் முடித்த வீடு.

வீடு வாடகைக்கு எடுக்கும்போது என்ன சொற்கள் தேவை?

வீட்டுக்காரர் 'ஓனிலே'. நில உரிமையாளர் 'ஓனிலெ'. மறுபடியும் அதே வாய் திறப்பு! 'ஒமொ ஓனிலெ' என்று கேட்டால் கவனமாக இருங்கள். நிலத்தின் பூர்வ குடும்பத்தார் என்று சொல்லிக்கொண்டு, கட்டடம் கட்டுகிறவர்களிடம் பணம் கேட்கும் கும்பல்களுக்கு அந்தப் பெயர் வழங்குகிறது. லேகோஸ் மாநில அரசு 2016-ல் இதற்கு எதிராகச் சட்டமே கொண்டுவந்தது. லேகோஸில் பல சுவர்களில் 'இந்த வீடு விற்பனைக்கல்ல' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருக்கும். உரிமையில்லாதவர் அடுத்தவர் வீட்டை விற்றுவிடும் மோசடிக்குப் பயந்து எழுதியவை அவை. வாடகை முன்பணம் கொடுக்குமுன் உண்மையான 'ஓனிலே' யார் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

போர்ச்சுகீசியச் சொல் எப்படி ஜன்னலுக்கு வந்தது?

பிரேசிலில் அடிமைகளாக இருந்து, விடுதலை பெற்று 19-ஆம் நூற்றாண்டில் லேகோஸுக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை 'அகுடா' என்பார்கள். அவர்களில் கொத்தனார்களும் தச்சர்களும் நிறைய. சாந்து வேலைப்பாடு கொண்ட முகப்பும், வளைவான ஜன்னல்களும் உள்ள வீடுகளைக் கட்டினார்கள். லேகோஸில் 1894-ல் திறக்கப்பட்ட ஷிட்டா-பே மசூதியைக் கட்டியவரும் அப்படி வந்த ஜோவாவோ பாப்திஸ்தா த கோஸ்தா என்ற கைவினைஞர்தான். இந்தப் பழைய வீடுகள் பல இடிக்கப்பட்டுவிட்டன. மிச்சம் இருப்பவற்றைக் காக்க வேண்டும்.

'இலே'யும் எதிர்த்திசையில் கடல் கடந்து போயிருக்கிறது. பிரேசிலின் சால்வடார் நகரில் 1910-ல் நிறுவப்பட்ட கந்தோம்ப்லே (ஆப்பிரிக்க வேர் கொண்ட பிரேசில் சமயம்) வழிபாட்டு இல்லத்தின் பெயர் இலே ஆஷே ஓப்போ அஃபோன்ஜா. அதே நகரில் 1974-ல் கறுப்பின மக்கள் தொடங்கிய கார்னிவல் குழுவின் பெயர் இலே ஐயே. யோருபாவில் 'இலே அயே' என்றால் உலகம்.

அபுஜாவிலும் இந்தச் சொற்கள் போதுமா?

போதாது. தலைநகர் அபுஜா நாட்டின் நடுப்பகுதியில் இருக்கிறது. அங்கே ஆங்கிலமும் ஹவுஸாவும்தான் அதிகம் கேட்கும். யோருபா பேசும் கடைக்காரர்களையும் ஓட்டுநர்களையும் சந்திப்பீர்கள், அவர்களிடம் பேசலாம். சந்தையில் விலை பேசுவதற்கு ஹவுஸாவைத் தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள்.